பந்து வராத பக்கம் ஓடினவன்

ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னரில் நிற்கிற பலசரக்குக் கடை நான் கட்டினது. பியோர்ண்டாலில் வீடு, அதுவும் நான். ஒஸ்லோவில் தமிழ்க் கலியாணங்களுக்குச் சமைத்துப் பரிமாறுகிற பெடியன்களைத் தேடிச் சேர்த்து, இன்றைக்கும் குலையாமல் ஓடுகிற ஒரு கூட்டமாக்கி விட்டது நான். அக்காவின் பிள்ளைகள், தங்கச்சியின் புருஷன், அவருடைய தம்பி என்று ஒவ்வொருவராக இங்கே இறக்கி, பனிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, முதல் நாள் வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதும் நான்தான். கடைசியாக ஒன்று சொல்லுவேன், சிரிப்பீர்கள். இந்த நகரத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கிற தமிழர் கூட்டம் ஒன்று இருக்கிறதே, அதையும் நான்தான் கட்டினேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். இந்த நாட்டுக்கு வந்தவுடன் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் விட்டார்கள். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில் கத்தியோடு நின்று மீன் வெட்டினேன். நோர்வேஜியன் மொழியை எனக்குப் படிப்பித்தது அங்கே இருந்த மேற்பார்வைக்காரனின் ஏச்சு. அதனால்தான் இன்றைக்கும் நான் அந்த மொழியில் நன்றி சொன்னாலும் ஏசுகிற மாதிரி இருக்கிறது என்று மகள் சொல்லுவாள். ஒஸ்லோவுக்கு வந்து பஸ் கழுவினேன், பள்ளிக்கூடம் கூட்டினேன். கடை போடப் போகிறேன் என்றபோது வங்கியில் இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தான். எங்கட சனம், "ஸ்டோவ்னரில ஆர் முருங்கைக்காய் வாங்க வரப்போயினம்?" என்று கேட்டது. முதல் வருஷம் கூரைப் பனி உருகி ஒழுகி அரிசி மூட்டையெல்லாம் நனைந்தது. நானும் மனுசியும் அந்த அரிசியை இடித்து, வறுத்து, இடியப்பம் அவித்து விற்றோம். அந்த இடியப்பத்தில்தான் கடை நிமிர்ந்தது.

பெருமை அடிக்கிறார் என்பீர்கள். ஓம், அடிக்கிறேன். நான் அடிக்காவிட்டால் வேறு ஆர் எனக்காக அடிக்கப் போகிறார்கள்? இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

ஃபுட்போல் கதைக்கு வருகிறேன். தமிழ்ச் சானல் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பல்கணியில் ஒரு டிஷ் பூட்டினேன். கட்டடச் சங்கம் கழற்றச் சொன்னது. கழற்றிக்கொண்டுபோய்க் கடையின் பின்பக்கக் கூரையில் பூட்டினேன். ஏணியில் நின்று பூட்டும்போது கொஞ்சம் திரும்பிவிட்டது போல. தமிழ்ச் சானல் வரவில்லை, ஏதோ ஒரு ஆங்கிலச் சானல் வந்தது. அதில் தலையில் கவசம் போட்ட மலை மலையான ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க விடமாட்டார்கள். நான் பின்னறையில் இருந்து பருப்பைச் சின்னப் பைகளில் கட்டுவேன். கை வேலை செய்யும், கண் சும்மாதானே இருக்கும். பார்த்தேன்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒன்று பிடிபட்டது. இந்த விளையாட்டு நின்று நின்று நடக்கிறது. முட்டுகிறார்கள், விழுகிறார்கள், எழும்பிக் கூடிக் கதைக்கிறார்கள், திரும்ப வரிசையாக நிற்கிறார்கள். எங்கட கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஒரு இடைவெளி இருக்குமே, அதே மாதிரி. ஆர் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அடுத்தது என்ன செய்யப் போகிறான் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. காலால் அடிக்கிற மற்ற ஃபுட்போலில் அது இல்லை. ஆங்கிலம் தெரியாமலே ஒரு குளிர்காலத்துக்குள் நான் இதைப் படித்துக்கொண்டேன். அமெரிக்காவின் வடக்கே, எங்களைப் போலப் பனியில் புதைந்து கிடக்கிற ஒரு நகரத்து அணியை என்னுடைய அணி என்று எடுத்துக்கொண்டேன். அதன் பேர் இங்கே வேண்டாம். பேரைப் போட்டால் இதுவும் அவர்களுடைய கதையாகிவிடும்.

மீன் வாங்க வருகிற ஒரு தம்பி, நகர பஸ் ஓட்டுகிறவர், ஒரு ஞாயிறு பின்கதவால் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இன்றைக்கும் எழும்பவில்லை. அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன், வடை சுட்டேன், விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒருவர் வந்தார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எஞ்சினியர். மற்றவர்கள் ஆட்டம் பார்க்க, அவர் அங்கே கல்லாக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் மகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அவர்தான் இன்றைக்கு என் மருமகன். மகளை அவர் கண்டது அந்தப் பின்னறையில். இப்போது கேட்கிற ஆட்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கண்டதாகச் சொல்லுகிறார். பருப்பு மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில் காதல் வந்தது என்று சொல்ல வெட்கம் போல.

இது போன வருஷம் நடந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு வசந்தத்திலும், கல்லூரியில் விளையாடி முடித்த பெடியன்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் அதற்கு ட்ராஃப்ட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்கட பின்னறையில் அதற்கு மாப்பிள்ளை எடுப்பு என்றுதான் பேர். அது இங்கே ஊர் உறங்குகிற நேரத்தில் நடப்பதால், பதிவு செய்து வைத்து அடுத்த நாள் பின்னேரம் எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். அதற்குள் ஒருவருக்கும் முடிவு தெரியக்கூடாது. அன்றைக்கு வேலையிடத்தில் ஒருவரோடும் கதைக்கக்கூடாது, பேப்பர் பார்க்கக்கூடாது. பின்னறைக்குள் வரும்போது வாசலில் இருக்கிற நீல அரிசிப் பீப்பாவுக்குள் போனைப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைத்தால் போன் அழுதாலும் கேட்காது. இந்த ஒழுங்கையும் வைத்தது நான்தான்.

அன்றைக்கு எல்லாரும் போனைப் புதைத்துவிட்டு இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கம்பியூட்டர் வேலை செய்கிற தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருடைய கையிலிருந்து 'கிர்' என்று ஒரு சத்தம். குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவரின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, சாரி அங்கிள், வாட்ச்ல வந்துடுச்சு!"

"வாயைத் திறக்காதை!" என்று பஸ்காரத் தம்பி கத்தினார். "கையை வெட்டிப் பீப்பாவுக்குள்ள போடு!"

"வாட்சை மட்டும் போட்டா போதாதுங்களா?"

சிரிப்பு. அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னோம், எங்கள் அணியின் முறை வரும் வரைக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா.

எங்களுக்கு வேண்டியது மறிக்கிற ஆள். பந்து எறிகிறவனுக்கு முன்னால் நின்று எதிரியை மறிக்கிற, கதவளவு ஒரு தடியன். அந்த முழுக் குளிர்காலமும் எங்கட எறிகிறவன் நிலத்தில்தான் கிடந்தான். எல்லாரும் தடியனை எதிர்பார்த்து இருக்கிறோம். மேடையில் பேர் வாசித்தார்கள். எழும்பி வந்தது ஒரு மெலிஞ்ச பெடியன். வைட் ரிசீவர். அது ஆர் என்றால், ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, வேகமாக ஓடி, தூரத்தில் போய் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன்.

"முடிஞ்சுது," என்றார் பஸ்காரத் தம்பி. "இந்த வருசமும் முடிஞ்சுது. வீடு எரியுது, இவங்கள் திரைச்சீலை வாங்கியிருக்கிறாங்கள்."

மருமகன் தன் சிலேட்டுக் கம்பியூட்டரை எடுத்தார். அதில் எல்லாப் பெடியன்களுடைய கணக்கும் இருக்கும். போன் மட்டும்தானே பீப்பாவுக்குள், சிலேட்டுக்கு ஒழுங்கு வைக்க நான் மறந்துபோனேன். "ஹெல்ட் ஆர்லி, மாமா," என்றார். உண்மையைச் சொன்னால் என்பதை அவர் எப்போதும் நோர்வேஜியனில்தான் சொல்லுவார். "ஹெல்ட் ஆர்லி, இது வேஸ்ட். கை சின்னன். ஓட்டம் காணாது. கல்லூரியும் ஒருத்தரும் கேள்விப்படாத கல்லூரி. கடைசி ஆட்டத்தில கையில வந்த பந்தை விட்டிருக்கிறான்."

"சகோதரங்கள் எத்தினை பேராம்?" என்று பஸ்காரத் தம்பி கேட்டார்.

"அது எதுக்கு?"

"மாப்பிள்ளை எடுக்கேக்க விசாரிக்கிறேல்லையோ? தேப்பன் என்ன வேலை? குடிக்கிறவனோ? பொறுப்புகள் இருக்கோ?"

சுவர்ப் பக்கத்திலிருந்து விடுதலையான கோயம்புத்தூர்த் தம்பி மருமகனின் சிலேட்டை வாங்கி, பெடியனுடைய பிறந்த தேதியைத் தேடி, சாதகம் கணிக்கிற ஆப் ஒன்றில் போட்டார். "அங்கிள், பிறந்த நேரம் தெரியலை. மத்தியானம்னு வச்சுக்கலாங்களா?"

"எந்த நாட்டு மத்தியானம்?" என்று கேட்டேன்.

"ஆமா இல்ல!" என்று தலையைச் சொறிந்தார். அமெரிக்க மத்தியானத்துக்கு ஒரு சாதகம், ஒஸ்லோ மத்தியானத்துக்கு ஒரு சாதகம் வந்தது. ஒன்றில் எட்டில் சனி, மற்றதில் லக்கினத்தில் குரு. "ஒஸ்லோவுல பொறந்திருந்தா நல்லா வந்திருப்பான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் அதுவரைக்கும் பெடியனைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் எடுத்த ஒரு பெடியனை நான் புகழ்ந்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவால் ஓடுகிறவன். என்ன கெண்டைக்கால், தேக்கு மாதிரி, இவன் ஒரு யானை என்று சொன்னேன். அவனுடைய முழங்கால் பயிற்சியிலேயே போய்விட்டது. முழங்கால் போனதற்குக் கெண்டைக்கால் என்ன செய்யும்? நான் முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஆனால் அன்றிலிருந்து எனக்குக் கெண்டைக்கால் என்று பேர்.

மருமகன் வீடியோ போட்டார். பெடியன் பிடித்த பந்துகளையெல்லாம் வெட்டி ஒட்டின வீடியோ. பாட்டோடு. ஆர் பிடித்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

"பிடிச்சதை விடும்," என்றேன். "பந்து இவன்ர பக்கம் வராத நேரம் இவன் என்ன செய்யிறான்? அது இருக்கோ?"

"மாமா, பிடிக்காததை ஆர் வீடியோ எடுப்பினம்?"

"முழு ஆட்டம் ஒண்டு இருக்கும்தானே. போடும்."

"பிடிக்காத வீடியோ வேணுமாம்," என்று பஸ்காரத் தம்பி சிரித்தார். "அண்ணை, கலியாணத்துக்குப் போய் வராத ஆக்களின்ர படம் கேக்கிற மாதிரி இருக்கு."

தேடிப் போட்டார், சலிப்போடுதான். ஒரு கல்லூரி ஆட்டம். நான் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். பந்து இடது பக்கம் போகிறது, அங்கே இன்னொருவன் பிடிக்கிறான், கமெரா அவனுக்குப் பின்னால் ஓடுகிறது. கமெரா திரும்புவதற்கு முதல், வலது ஓரத்தில் இந்த மெலிஞ்ச பெடியனைக் கண்டேன். பந்து தனக்கு வராது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் உயிரைக் கொடுத்து ஓடுகிறான். எதிரி அணிக்காரர் இரண்டு பேர் அவனை நம்பிப் பின்னால் ஓடுகிறார்கள். அதனால் இடது பக்கம் வெளித்துக் கிடக்கிறது. இன்னொரு தரம் போடச் சொன்னேன். அதில் ஓடின ஓட்டத்திலேயே திரும்பி, தன்னைவிட இரட்டிப்பு ஆள் ஒருவனைப் போய் முட்டி, பந்து வைத்திருந்தவனுக்குப் பாதை எடுத்துக் கொடுத்துவிட்டு விழுந்தான். அவன் எழும்புவதைக் கமெரா காட்டவில்லை.

அப்போதுதான் சொன்னேன். இந்தச் சொற்களை நான் மறக்கமாட்டேன், இங்கே அப்படியே எழுதுகிறேன்:

"பந்தியில சோறு, பருப்பு, சாம்பார் எண்டு வாளியோட பெடியள் போவினம். வாளி நிறைஞ்சவனைத்தான் எல்லாரும் பார்ப்பினம். நான் ஆள் எடுக்கேக்க அவனைப் பார்க்கிறேல்லை. வாளி வெறுமையாப் போனவனைப் பார்ப்பன். அவன் சுவரில சாய்ஞ்சு நிண்டு போனைத் தடவுறானோ, இல்லாட்டிக் கதிரையைத் தள்ளி, பிள்ளையளை ஒதுக்கி, கொதிக்கிற சாம்பாரோட வாறவனுக்கு வழி எடுத்துக் குடுக்கிறானோ எண்டு பார்ப்பன். இந்தப் பெடியன் வெறும் வாளியோட ஓடுறான். இவன் வருவான். எழுதி வையுங்கோ."

பஸ்காரத் தம்பி, "கெண்டைக்கால்!" என்றார். அறை வெடித்துவிட்டது.

மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, இது பந்தி இல்லை. பந்து. வழி எடுத்துக் குடுத்தாப் போதாது, பிடிக்க வேணும்," என்றார்.

எங்கட வழக்கப்படி கடைசியில் ஒவ்வொருவரும் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றில் 'சம்மதம்', இல்லாவிட்டால் 'பொருந்தேல்லை'. சுற்றிவர எல்லாரும் பொருந்தேல்லை. சாதகம் பார்த்தவரும் பொருந்தேல்லை. நான் மட்டும் சம்மதம் என்றேன்.

"அண்ணை, நீங்கள் சம்மதம் சொல்லாத மாப்பிள்ளை ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தருக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்று மருமகனைப் பார்த்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு அது பகிடி.

இலையுதிர்காலம் வந்தது. முதல் கிழமைகளில் பந்து அந்தப் பெடியன் பக்கம் வரவே இல்லை. "உங்கட மாப்பிள்ளை வெறும் வாளியோடதான் நிக்கிறார்" என்று ஒவ்வொரு ஞாயிறும் வடை தின்றுகொண்டு சொன்னார்கள். நான் வடையை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டு ரீவியின் ஓரத்தைப் பார்த்தேன். அங்கே அவன் ஓடிக்கொண்டிருந்தான். மெல்ல மெல்ல எங்கட அணி வெல்லத் தொடங்கியது. மற்றவர்கள் பிடித்தார்கள். அவனுக்குப் பின்னால் போவது வீண் என்று எதிரி அணிக்காரர் கடைசியில் அவனை விட்டுவிட்டார்கள். விட்டவுடன் பந்து அவனிடம் வந்தது. அந்தச் சின்னக் கையால் பிடித்தான். அடுத்த கிழமையும் பிடித்தான். பனி விழத் தொடங்கிய நேரம் அமெரிக்காவில் அவனைப் பற்றிக் கதைக்காத ஆள் இல்லை.

எங்கட பின்னறையில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 'அண்ணை, நீங்கள் சொன்னனீங்கள்' என்ற ஒரு சொல் வரவில்லை. முதலில் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "நாங்கள் அண்டைக்கே கண்டனாங்கள்தானே" என்று தொடங்கினார்கள். நாங்களாம். பொருந்தேல்லை என்று சொன்ன வாய்கள். நான் பொறுத்தேன். கூட்டம் என்றால் அப்படித்தான், வென்ற பிறகு எல்லாரும் வென்றவர்கள்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. விமானத்தில் வருகிற மரக்கறியை எடுக்க இன்றைக்கும் நான்தான் கடை வானை ஓட்டிக்கொண்டு போகிறேன். எடுத்துக்கொண்டு திரும்புகிறேன். மருமகன் நோர்வேஜியனில் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு பொட்காஸ்ட் செய்கிறார். அதை வான் ரேடியோவில் கேட்கிற மாதிரி மகள் செய்து தந்திருந்தாள். "கேளுங்கோ அப்பா, இப்ப கனபேர் கேக்கினம்," என்று பெருமையாகச் சொன்னவள். போட்டேன். மருமகனின் குரல், தெளிவான, படித்த நோர்வேஜியன். அந்தப் பெடியனைப் பற்றிச் சொல்லுகிறார். தான் முதல் நாளே கண்டுகொண்டாராம். எல்லாரும் பிடித்த வீடியோவைப் பார்க்க, தான் பந்து வராத ஆட்டங்களைத் தேடிப் பார்த்தாராம். பிறகு ஒரு உதாரணம் சொன்னார். ஒரு கலியாணத்தில் பரிமாறுகிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். தட்டம் நிறைந்தவனைப் பார்க்காதீர்கள். தட்டம் வெறுமையாகிப் போனவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

தட்டம். நோர்வேஜியர் வைன் கிளாஸ் கொண்டு திரிகிற தட்டம். என்னுடைய சாம்பார் வாளியைக் கழுவிப் பளபளப்பாக்கித் தட்டமாக்கி விட்டார்.

வானைத் தெருவோரத்தில் நிறுத்தினேன். திட்டக்கூட முடியவில்லை, அவ்வளவு நன்றாகச் சொன்னார். எனக்கு அப்படி அழகாகச் சொல்ல வராது. ஆனால் அது என்னுடையது. நான் மண்டபம் மண்டபமாக வாளி தூக்கி, கால் வீங்கிக் கண்டுபிடித்தது. அவர் தன் வாழ்க்கையில் ஒரு பந்தியிலும் பரிமாறினவர் இல்லை. தன்னுடைய கலியாணப் பந்தியிலேயே இருந்து சாப்பிட்டவர், அதையும் பரிமாறினது என்னுடைய பெடியன்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்கு வந்து வானின் கதவைத் திறந்தால் பின்னால் இருந்த வெற்றிலைக் கட்டு எல்லாம் குளிரில் கறுத்துப் போய்க் கிடந்தது. என்னுடைய கையால் வெற்றிலை கறுத்தது அதுதான் முதல் தரம்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. கேட்டுவிட்டேன்.

"தம்பி, நீர் ரேடியோவில சொன்ன அந்தத் தட்டக் கதை ஆரின்ர கதை?"

மருமகன் கரண்டியை வைத்தார். "மாமா, அது எல்லாரும் சேர்ந்து கதைச்சதுதானே. குழுவின்ர கருத்து."

"குழு பொருந்தேல்லை எண்டெல்லோ சொன்னது?"

"அது... ஹெல்ட் ஆர்லி, அண்டைக்கு ஆர் என்ன சொன்னது எண்டு எனக்கு இப்ப ஞாபகமில்லை."

"என்னைப் பார்த்துச் சிரிச்சது ஞாபகம் இருக்கோ?"

"அப்பா," என்று மகள் இடையில் வந்தாள். "ஒரு விளையாட்டுக்கு ஏன் இப்பிடி? சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

அவள் தன் புருஷனுக்குப் பரிந்து பேசட்டும், அது அவளுடைய குடும்பம். ஆனால் ஒரு விளையாட்டு என்று சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்குத் தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் கடையோடு சேர்த்து மூன்று வேலை செய்தவன். அவள் விழித்திருந்த நேரத்தில் என்னைக் கண்டது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்னறையில், பருப்பு மூட்டையில் அவளை இருத்திவிட்டு ஆட்டம் பார்த்த நேரத்தில்தான். நான் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இல்லை. அதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பேப்பர்க்காரர் வந்தார்கள். இந்தப் பகுதிக்கு என்று வருகிற ஒரு பேப்பர். ஸ்டோவ்னர்த் தமிழர் ஒரு கூட்டம் அமெரிக்கப் பெடியன் ஒருவனை முதலே கண்டுபிடித்தது என்று பொட்காஸ்டில் கேட்டு வந்தவர்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் மருமகன் போன் பண்ணினார். "மாமா, நாளைக்கு ஆக்கள் வருகினம். கொஞ்சம் வடை போடுவீங்களோ? நீங்கள் போட்டால்தான் அது வடை."

போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். வருகிறவர்களுக்கு முன்னால் ஆராவது சொல்லுவார்கள் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் நான் சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

நிருபர் ஒரு இளம் பெண். நல்ல பிள்ளை. முதலில் கண்டது ஆர் என்று கேட்டாள். "வீ," என்றார் மருமகன். நாங்கள் என்று அர்த்தம். பஸ்காரத் தம்பி தலையை ஆட்டினார். கோயம்புத்தூர்த் தம்பி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். நான் வடையோடு நின்றேன். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, நீங்களும் பார்ப்பீர்களா என்று கேட்டாள். நான் என்னுடைய மீன் தொழிற்சாலை நோர்வேஜியனைக் கூட்டி எடுத்து, "நான்தான்..." என்று தொடங்கினேன். தொடங்கினது ஏசின மாதிரி இருந்ததோ என்னவோ, அவள் ஒரு அடி பின்னால் போனாள். மருமகன் சிரித்துக்கொண்டு மிச்சத்தை முடித்து வைத்தார்: இவர் என் மாமனார், எங்களுக்குச் சாப்பாடு எல்லாம் இவர்தான். அவள் ஒரு வடையை எடுத்து, நன்றி சொல்லி, அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

பேப்பரில் படம் வந்தது. பின்னறைக் கதிரைகளில் எல்லாரும் அணியின் சட்டை போட்டுச் சிரிக்கிறார்கள். நடுவில் மருமகன். நான் ஏணியில் ஏறிப் பூட்டின டிஷ்ஷின் கம்பி மேலே சுவரில் தெரிகிறது. இடது ஓரத்தில் படம் முடிகிற இடத்தில் ஒரு கை, முழங்கை வரைக்கும் மட்டும். அதில் வடைத் தட்டம். மகள் அதை வெட்டிக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறாள். வருகிற சனம் பார்த்துவிட்டு, "மருமோன் கலக்கிறார் அண்ணை" என்கிறது. நான் மரக்கறி நிறுத்துக் கொடுக்கிறேன்.

எனக்குத் தெரியும், எழுபதைத் தாண்டினவன் ஒரு பந்துக்காரப் பெடியனுக்காக இவ்வளவு கசப்பதா என்று கேட்பீர்கள். கடையை மகளுக்கு எழுதிக் கொடுத்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைப் பலகையை மாற்றி என் பேரை எடுத்து, குடும்ப நிறுவனம் என்று போட்டபோது கேட்கவில்லை. கலியாணப் பெடியன்கள் கூட்டத்தை இன்னொருவர் நடத்தி, தான் தொடங்கினதாகச் சொல்லும்போதும் கேட்கவில்லை. கட்டினதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தேன். கட்டினவன் ஆர் என்பது கட்டினதில் தெரியும் என்று நினைத்தேன். தெரியவில்லை. இந்த ஒன்றையும் விட்டால், பிறகு என்னிடம் விடுவதற்கு ஒன்றும் இல்லை.

திரும்பவும் வசந்தம் வருகிறது. தெருவில் பனி கறுத்துக் கரைகிறது. மாப்பிள்ளை எடுப்பு வரப் போகிறது. பீப்பாவில் புது அரிசி போட்டு வைத்திருக்கிறேன். பின்னறைப் பூட்டின் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வழக்கம் போலத் திறப்பேன். வழக்கம் போல வடை இருக்கும். எல்லாரும் போனைப் போட்டுவிட்டு வந்து இருங்கள், கடிகாரத்தையும் சிலேட்டையும் சேர்த்து.

மருமகனே, உமக்கு எழுதுகிறேன். அன்றைக்கு ரீவியைப் போடுவதற்கு முதல் நீர் எழும்பி நிற்க வேணும். போன வருஷம் எல்லாரும் பொருந்தேல்லை என்று சொன்ன இடத்தில், சம்மதம் சொன்னது ஆர் என்று சொல்ல வேணும். என்னுடைய பேரை முழுசாச் சொல்லும். மாமா என்று இல்லை, பேர். தமிழில் எங்கட ஆட்களுக்குச் சொல்லும், பிறகு அதே கிழமை அந்த நோர்வேஜியன் பொட்காஸ்டிலும் சொல்லும். இந்த அறையைத் திறந்தது ஆர், அந்த டிஷ்ஷைப் பூட்டினது ஆர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லம். பந்தியைச் சொல்லும், சாம்பாரைச் சொல்லும், வாளியைச் சொல்லும். தட்டம் என்று வந்தால் நான் நடுவில் எழும்புவேன்.